லண்டன் – பாரிஸ்: 344 கி.மீ.தானே, டிக்கெட்டில் ஏன் 1 மணி 20 நிமிடம்?

தேம்ஸ்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பாரிசில் பெரியம்மா மகள் கல்யாணம். பெரியம்மா வீடு லா கூர்னெவில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் இருப்பது லண்டனில் ஹவுன்ஸ்லோ வெஸ்ட் பக்கம்.

வரைபடத்தில் பார்த்தால் லண்டனுக்கும் பாரிசுக்கும் நேர்கோட்டில் 344 கி.மீ.தான். விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்றால் அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஹீத்ரோவிலிருந்து 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காலை 9.00-க்குக் கிளம்பி 11.20-க்கு இறங்கும் என்றும் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டேகால் மணி நேரப் பயணமா என்கிறார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக நேரம் நிற்க முடியாது. கல்யாணச் சாமான்களோடு இரண்டு பெரிய பெட்டிகள் வேறு. விமானமா, ரயிலா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பறவைப்பாதை

முதலில் அப்பாவின் கேள்விக்கு. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் வருடம் முழுக்க அந்த ஒரு மணி வித்தியாசம் மாறாது. 11.20 என்பது லண்டனில் 10.20. திரும்பும்போது நேர்மாறு: பாரிசில் 12.00-க்குக் கிளம்பினால் லண்டனில் 12.20-க்கு இறங்கியதாகக் காட்டும்.

அந்த 1.20-ஐப் பறக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் விமான இயக்கப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் இதைப் பிளாக் டைம் என்போம். இந்தப் பக்கம் வாசலைவிட்டு விமானம் பின்னுக்கு நகரும் கணத்தில் ஆரம்பித்து, அந்தப் பக்கம் வாசலில் நின்று பிரேக் பிடிக்கும் கணம் வரை கணக்கு. உண்மையில் சக்கரம் தரையைவிட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடும்வரை 45 முதல் 55 நிமிடம்தான். மீதி எல்லாம் தரையில் உருளும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம்.

அந்த 45 நிமிடத்திலும் 800 கி.மீ. வேகம் கொஞ்ச நேரமே கிடைக்கும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ.தான் அனுமதி. ஏறி முடிந்து வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இந்த வழியில் 35,000 அடிக்கு ஏற நேரமே இருக்காது. பாதையும் நேர்கோடு இல்லை. ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தத் திசையில் எழும்பி, வளைந்து, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பாரிசின் ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்குகிறது. ஹீத்ரோவுக்கும் பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் நேர்த்தூரம் சுமார் 348 கி.மீ.; பறக்கும் தூரம் அதைவிட எப்போதும் கூடுதல்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் பாரிசுக்குப் போகும்போது கொஞ்சம் தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும். இவ்வளவு குறைந்த தூரத்தில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம்.

தேம்ஸ்கரை

ரொம்ப நன்றி சார். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தரையில் உருள மட்டும் அரை மணி நேரமா?

பறவைப்பாதை

ஆமாம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். அவற்றைக் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவில் ஓட்டுகிறார்கள். காலையில் கிளம்பும் வரிசையில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பது சாதாரணம். சார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள். உங்கள் முனையத்துக்கு எதிர்ப்பக்க ஓடுபாதையில் இறங்கினால் இன்னொரு பத்து நிமிடம் உருள வேண்டும். இறங்கிவிட்டோமே, ஏன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்று பயணிகள் கேட்பது அங்கேதான்.

திரும்பும்போது இன்னொன்றும் உண்டு. தென்கிழக்கிலிருந்து ஹீத்ரோ வரும் விமானங்களை நெரிசல் நேரத்தில் பிகின் ஹில் வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். வட்டம் இல்லாத நாளில் முன்கூட்டியே இறங்கிவிடும். பிறகு நிறுத்த இடம் காலியாகும்வரை காத்திருப்பீர்கள்.

ரயில்பித்தன்

தம்பி, ரயிலை விட்டுவிட்டு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஏறினால் பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் இறங்கலாம். தண்டவாளத் தூரம் 492 கி.மீ., வேகமான வண்டிக்கு 2 மணி 16 நிமிடம். நேர்கோட்டைவிட கிட்டத்தட்ட 150 கி.மீ. கூடுதலாகச் சுற்றியும் நகரத்தின் நடுவிலிருந்து நகரத்தின் நடுவுக்கு இந்த நேரத்தில் போகிறது.

எப்படி என்றால், வழியில் பெரும்பகுதி மணிக்கு 300 கி.மீ. வரை. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் 160. சுரங்கம் 50.5 கி.மீ. நீளம், அதில் கடலுக்கு அடியில் 37.9 கி.மீ. உள்ளே இருக்கும் நேரம் இருபது நிமிடம்தான். 1994-ல் தொடங்கியபோது பிரான்ஸ் பக்கம் மட்டுமே அதிவேகத் தண்டவாளம். லண்டன் பக்கம் வாட்டர்லூ வரை பழைய கென்ட் பாதையில் புறநகர் ரயில்களோடு சேர்ந்து ஊர்ந்து வரும். மூன்று மணி நேரம் ஆகும். 2003-ல் புதுப் பாதையின் ஒரு பகுதி திறந்தது, 2007 நவம்பர் 14 அன்று செயின்ட் பாங்க்ரசுக்கு மாறியது. அப்போதுதான் இந்த 2.16 வந்தது. ரயிலும் தூரமும் மாறவில்லை, தண்டவாளம் மாறியது.

அம்மாவுக்கும் வசதி. எழுந்து நடக்கலாம், கால் நீட்டலாம். ஒவ்வொருவரும் இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் எடுத்துப்போகலாம், எடை போட மாட்டார்கள், பெட்டி நீளம் 85 செ.மீ.க்குள் இருந்தால் சரி. எண்ணெய், ஊறுகாய் எதற்கும் 100 மி.லி. கட்டுப்பாடு இல்லை.

நான் ஆஷ்ஃபோர்டில் இருக்கிறேன். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர். 2020-க்குப் பிறகு இங்கே சர்வதேச ரயில் எதுவும் நிற்பதில்லை. அதனால் நான் பாரிஸ் போக வேண்டுமென்றால் முதலில் எதிர்த்திசையில் லண்டன் போய், அங்கே ஏறி, என் ஊர் வழியாகவே திரும்பிப் போகிறேன். எனக்கு இது ஆறாத வருத்தம். கிழக்குக் கென்ட் மக்களுக்கு அந்த நிறுத்தம் திரும்பக் கிடைக்க வேண்டும்.

சக்கரக்காரர்

மூன்று பேர், இரண்டு பெரிய பெட்டி, முழங்கால் வலி. காரை ஏன் யாரும் சொல்லவில்லை? ஹவுன்ஸ்லோவிலிருந்து போக்ஸ்டன் போய், காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே. அம்மா காரைவிட்டு இறங்கவே வேண்டாம். கலேயிலிருந்து பாரிஸ் 290 கி.மீ. சொச்சம், நெடுஞ்சாலை முழுக்கச் சுங்கச்சாவடி. மொத்தம் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லா கூர்னெவ் ஏ1 சாலை ஓரத்திலேயே இருப்பதால் பாரிஸ் நகர நெரிசலுக்குள் நுழையத் தேவையில்லை. இது பெரிய லாபம்.

தேம்ஸ்கரை

என்னிடம் கார் இல்லை அண்ணா. வாடகைக் காரை நாடு தாண்டி எடுத்துப்போக தனி அனுமதி, கூடுதல் காப்பீடு என்று சொல்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமும் இல்லை. பெற்றோரை வைத்துக்கொண்டு முதல் முறையாக அதைச் செய்ய மனம் வரவில்லை.

வன்னிமகள்

வணக்கம் தம்பி. நான் பாரிசில், லாச்சப்பலுக்குப் பக்கத்தில கனகாலமாக இருக்கிறன். நீங்கள் எல்லாரும் லண்டன் நடுவில இருந்து பாரிஸ் நடுவுக்குக் கணக்குப் பாக்கிறியள். தம்பி இருக்கிறது ஹவுன்ஸ்லோவில, போறது லா கூர்னெவுக்கு. அதைப் பாருங்கோ.

லா கூர்னெவுக்கு ஆர்.ஈ.ஆர். பி எண்ட புறநகர் ரயில் போகுது. அதே ரயில்தான் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் போகுது. விமான நிலையத்தில ஏறினால் பாரிசுக்குள்ள வராமலே வழியில லா கூர்னெவ்–ஓபர்வில்லியே நிலையத்தில இறங்கலாம். ரயிலில வந்தால் கார் து நோரில அதே ஆர்.ஈ.ஆர். பி-யில ஏறி இரண்டாவது நிறுத்தத்தில இறங்கலாம். ஆக இரண்டு பக்கமும் ஒரு ரயில்தான்.

ஒரு விசயம் கவனமாக இருங்கோ. விமான நிலையத்தில இருந்து வாற சில வண்டிகள் எங்கையும் நிக்காமல் நேராக கார் து நோருக்குப் போகும். எல்லா நிலையத்திலும் நிக்கிற வண்டியா எண்டு பலகையைப் பாத்து ஏறுங்கோ. டிக்கெட் 2025-ல 13 யூரோ. இடையில இறங்கினாலும் அதே விலைதான்.

காரைக்கால்_மீரா

வன்னிமகள் அக்கா சொன்னதுதான் சரியான இடம். ஹவுன்ஸ்லோ வெஸ்டிலிருந்து பிக்காடில்லி லைனில் மேற்கே போனால் ஹீத்ரோ பத்துப் பதினைந்து நிமிடம். அதே லைனில் கிழக்கே போனால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

விமானம்: வீட்டிலிருந்து ஹீத்ரோ 30 நிமிடம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக, பிளாக் டைம் 1.20, இறங்கிப் பாஸ்போர்ட் வரிசையும் பெட்டியும் ஒரு மணி நேரம், ஆர்.ஈ.ஆர். காத்திருப்போடு 35 நிமிடம். கூட்டினால் 5 மணி 25 நிமிடம்.

ரயில்: வீட்டிலிருந்து செயின்ட் பாங்க்ரஸ் 1 மணி 10 நிமிடம், அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக, ரயில் 2.20, இறங்கி ஆர்.ஈ.ஆர். பிடித்துப் போக 30 நிமிடம். கூட்டினால் 5.30.

இரண்டும் ஒன்றுதான். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமிலிருந்து லாச்சப்பல் போகிறவர்களுக்கு ரயிலைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். கார் து நோரிலிருந்து நடந்தே போய்விடலாம். உங்கள் இரண்டு வாசலும் தற்செயலாக விமான நிலையங்களை ஒட்டி அமைந்துவிட்டன.

ரயில்பித்தன்

//இறங்கிப் பாஸ்போர்ட் வரிசையும் பெட்டியும் ஒரு மணி நேரம்//

மீரா, இந்த ஒரு மணி நேரத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ரயிலில் பிரெஞ்சு எல்லைப் போலீசார் லண்டனிலேயே சோதித்துவிடுவார்கள். பாரிசில் இறங்கினால் பெட்டியோடு நேரே வெளியே நடக்கலாம். திரும்பும்போது பிரிட்டிஷ் சோதனை கார் து நோரிலேயே முடிந்துவிடும். விமானத்தில் பாரிஸ் வரிசை எவ்வளவு நீளம் என்பது அங்கே போய் இறங்கும்வரை தெரியாது. அதே நேரத்தில் வேறு கண்டத்திலிருந்து இரண்டு பெரிய விமானங்கள் வந்திருந்தால் முழங்கால் வலிக்காரருக்கு அது கொடுமை.

காரைக்கால்_மீரா

ஏற்கிறேன். அதிலும் 2025 அக்டோபர் 12-லிருந்து ஐரோப்பிய எல்லைகளில் புதிய பதிவுமுறை வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத பாஸ்போர்ட்காரர்கள் குறுகிய காலப் பயணமாகப் போனால் முத்திரை குத்துவதற்குப் பதில் முகப்படம், கைரேகை பதிவு செய்கிறார்கள். விசா எடுத்தவர்களின் கைரேகை ஏற்கெனவே விசா கணினியில் இருப்பதால் முகப்படம் மட்டும். முதல் தடவைக்கு நேரம் பிடிக்கும்.

தேம்ஸ்கரை, முக்கியமானதைக் கேட்க மறந்துவிடப் போகிறேன். உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்தானே? லண்டனில் வேலை விசா இருந்தாலும் பிரான்சுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அப்பா அம்மாவுக்கும் வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இங்கிருந்து ஷெங்கன் விண்ணப்பிப்பது சிரமம், பொதுவாக சொந்த நாட்டிலிருந்தே எடுத்து வரச் சொல்வார்கள். இது இல்லாவிட்டால் மேலே பேசிய எல்லாம் வீண்.

தேம்ஸ்கரை

இருக்கிறது அக்கா. அவர்களுக்குச் சென்னையிலேயே எடுத்துவிட்டோம், மருத்துவக் காப்பீட்டோடு. எனக்கு இங்கே கிடைத்துவிட்டது. பிரிட்டனுக்குத் திரும்பி வரவும் அவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா.

வன்னிமகள்

நல்லது. இன்னொண்டு, கலியாணத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவாற யோசனை இருந்தால் நெய், பால்கோவா, இறைச்சி ஒண்டும் வேண்டாம். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டுப் போன பிறகு அங்கையிருந்து பால், இறைச்சிப் பொருள் இஞ்ச கொண்டுவர ஏலாது. இஞ்சயிருந்து அங்க போகேக்கையும் 2025 ஏப்ரல் 12-ல இருந்து தடை, ஐரோப்பாவில கால்நடைகளுக்குக் கோமாரி நோய் வந்ததால. முறுக்கு, அதிரசம் மாதிரி எண்டால் பிரச்சினை இல்லை. நெய் லாச்சப்பல் கடையில வாங்கலாம், பெரியம்மாவுக்கு எந்தக் கடை எண்டு தெரியும்.

பறவைப்பாதை

ஹவுன்ஸ்லோ என்றதும் சொல்லியே ஆக வேண்டும். லண்டன்–பாரிஸ் தினசரி விமான சேவை முதன்முதலில் தொடங்கியது உங்கள் ஊரிலிருந்துதான். 1919 ஆகஸ்ட் 25 அன்று ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து ஒரு டி ஹாவிலாண்ட் விமானம் கிளம்பி பாரிசுக்கு வடக்கே லு பூர்ஜேயில் இறங்கியது. போர்க்காலத்தில் குண்டு போட வடிவமைத்த வகை. அதை மாற்றியமைத்து ஒரே ஒரு பயணியையும் செய்தித்தாள்களையும் கொஞ்சம் சரக்கையும் ஏற்றிப்போனார்கள். பறந்த நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி. லு பூர்ஜே உங்கள் பெரியம்மா ஊருக்கு அடுத்த ஊர். ஆர்.ஈ.ஆர். பி-யில் அதற்கும் ஒரு நிறுத்தம் உண்டு. பழைய விமான நிலையத்தில் இப்போது வான்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் கல்யாணத்துக்கு மறுநாள் கூட்டிப்போங்கள், அரை நாள் போதாது.

பத்து வருடம் முன்னால் 1909-ல் பிரெஞ்சு விமானி பிளேரியோ கலேயிலிருந்து டோவருக்குக் கால்வாயைத் தாண்டவே 36 நிமிடம் எடுத்தார். அதிலிருந்து பார்த்தால் தினசரி சேவை வந்த வேகம் வியப்புதான்.

ரயில்பித்தன்

அண்ணன் சொன்ன 1919 கணக்கிலிருந்தே வருகிறேன். நூறு வருடத்துக்கு முன் விமானம் எடுத்த நேரத்தைவிட இன்று ரயில் சீக்கிரம் போகிறது. அப்படியிருக்க இந்த வழியில் விமானமே எதற்கு? பிரான்சில் 2023-ல் ஆணை போட்டு, இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு விமானங்களை நிறுத்தினார்களே. பாரிசின் இன்னொரு விமான நிலையமான ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ மூன்றும் நின்றன. அதே அளவுகோலை வைத்தால் லண்டன்–பாரிசும் நிற்க வேண்டும்.

பறவைப்பாதை

அந்த ஆணை உள்நாட்டு வழிகளுக்கு மட்டும். அதிலும் வேறு விமானம் மாறுகிறவர்களுக்கான சார்ல் து கோல் சேவைகளை அது தொடவில்லை. ஹீத்ரோ–சார்ல் து கோல் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பாரிசுக்குப் போகிறவர்கள் இல்லை. அங்கே இறங்கி ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ மாறுகிறவர்கள். அவர்களை கார் து நோரில் இறக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி விமான நிலையத்துக்குப் போகச் சொல்ல முடியாது. லண்டனிலிருந்து சார்ல் து கோல் நிலையத்துக்கே நேரடி ரயில் வரட்டும், நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். ஊருக்கு ஊர் போகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சக்கரக்காரர்

தாமதமானால் என்ன செய்வது என்பதையும் பாருங்கள். பாரிசிலிருந்து கிளம்பும் விமானம் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் ஐரோப்பிய விதிப்படி ஆளுக்கு 250 யூரோ. 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பயணங்களுக்கு இந்தத் தொகை. தூரத்தை நேர்கோட்டில்தான் அளப்பார்கள், எத்தனை வட்டம் அடித்தாலும் கணக்கில் வராது. மோசமான வானிலை என்றால் பணம் கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்கவேண்டியிருந்தால் அறையும் தர வேண்டும். என் உறவினர் ஒருவர் இதைத் தெரியாமல் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுக் கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.

வன்னிமகள்

அம்மாவுக்கு எதில வந்தாலும் உதவி கேட்டுப் பதியுங்கோ. சக்கர நாற்காலிக்குக் காசு இல்லை, விமானமும் ரயிலும் இரண்டிலும். இரண்டு நாளைக்கு முந்தியே சொல்லவேணும். சார்ல் து கோலில நடக்கிற தூரம் சொல்லி வேலையில்லை. நாற்காலி இருந்தால் பாஸ்போர்ட் வரிசையிலும் தனி வழியால விடுவினம், கூட ஒரு ஆளையும் விடுவினம். நிக்க ஏலாட்டிலும் உதவி கேக்க வெட்கப்படுற அம்மாக்களை நிறையப் பாத்திருக்கிறன். நீங்கள் கேட்டு வையுங்கோ தம்பி.

தேம்ஸ்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் பேசி முடித்துவிட்டோம். போகும்போது ரயில். பெட்டி அதிகம் இருப்பது அப்போதுதான், எல்லைப் பதிவும் செயின்ட் பாங்க்ரசில் நிதானமாக முடிந்துவிடும், பாரிசில் வரிசை இல்லை. திரும்பும்போது விமானம். பெட்டி காலியாகியிருக்கும், பெரியம்மா வீட்டிலிருந்து சார்ல் து கோல் ஒரே ரயில், ஹீத்ரோவிலிருந்து வீடு கால் மணி. அம்மாவுக்கு இரண்டு வழிக்கும் சக்கர நாற்காலி பதிந்துவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார், அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியதும் சரி என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். திரும்பும் விமானம் இரவு 9 மணிக்கு. மாலையில் ஆர்.ஈ.ஆர். பி நம்பகமா?

வன்னிமகள்

வேலைநாளில ஐந்தில இருந்து ஏழு மணிவரை சனம் நெரியும், பெட்டியோட ஏறுறது கஷ்டம். நாலரைக்கு முந்தி ஏறிவிடுங்கோ, விமான நிலையத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். பிந்தி வாற ஆக்களுக்கும் சேத்துச் சொல்லுறன்: இரவு பத்து, பதினொரு மணிக்குப் பிறகு வடக்குப் பக்கம் திருத்த வேலைக்காக அடிக்கடி மறிச்சுப்போட்டு பஸ் விடுவினம். முதல்நாளே பாக்கவேணும். போராட்டம், வேலைநிறுத்தம் எண்டு ஏதும் அறிவிச்சால் நான் இஞ்ச எழுதிவிடுறன், திகதியைச் சொல்லுங்கோ.

தேம்ஸ்கரை

18-ம் தேதி, வியாழக்கிழமை அக்கா.